அடியில் ‘ம்குட்டே’ இல்லாத பக்கம்

என் பெயர் எலெஸ்டினா கம்பாலே. வயது நாற்பத்தொன்று. லிசாண்டா மிஷன் மருத்துவமனைக் குடியிருப்பில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உள்ள வீட்டில் வசிக்கிறேன். மேற்படி மருத்துவமனையில் மருந்து வழங்கும் பொறுப்பில் இருக்கிறேன். மருத்துவமனை வண்டியைத் திருடியதாக நிர்வாகி பென்னாட் மசேகோ கொடுத்த புகாரின் பேரில் என்னைப் பிடித்து வந்திருக்கிறார்கள். வண்டியை எடுத்தது நான்தான். திருடவில்லை. ஏன் எடுத்தேன் என்று துணை ஆய்வாளர் சாவுலா கேட்க, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் சொல்கிறேன். சீக்கிரம் எழுதிக்கொள்ளும்படி முதலிலேயே கேட்டுக்கொண்டேன். ஏரிக்கரைப் பக்கம் மூன்று ஊர்களில் நான் தெரியாமல் கொடுத்த கெட்ட மருந்து இன்னும் வீடுகளில் இருக்கிறது.

எங்கள் மருத்துவமனைக்கு இணையம் கூரைமேல் உள்ள செயற்கைக்கோள் தட்டு வழியாக வருகிறது. சொட்டுச் சொட்டாகத்தான் வரும். எல்லாரும் ஒரே நேரத்தில் திறந்தால் யாருக்கும் வராது. ஆகவே கணினி வேலை பார்க்கும் வொங்கானி என்பவர் நடுவில் ஒரு கணினியை வைத்தார். ஒருவர் திறந்த பக்கத்தை அது தன்னிடம் வைத்துக்கொண்டு, அடுத்தவர் கேட்கும்போது வெளியே போகாமல் அதையே எடுத்துக் கொடுக்கும். நல்ல ஏற்பாடு, அதை நான் குறை சொல்லவில்லை. அப்படி வைத்திருந்த பக்கம் வந்தால் அதன் அடியில் சிவப்பில் ‘ம்குட்டே’ என்று வரும்படியும் செய்திருந்தார். நேற்று மிஞ்சி ஆறிப்போன களிக்கு நாங்கள் சொல்லும் பெயர் அது. சாப்பிடலாம், ஆனால் முகர்ந்து பார்த்துவிட்டுச் சாப்பிட வேண்டும். அடியில் ம்குட்டே இருந்தால் நகரத்துக்குத் தொலைபேசி போட்டு விசாரிப்பேன். இல்லாவிட்டால் பக்கம் புதியது என்று நம்பி வேலையைப் பார்ப்பேன். மருத்துவமனை முழுக்க இதுதான் வழக்கம்.

அதன் பிறகு, மழை ஓய்ந்த சமயம், எங்களுக்குப் பணம் கொடுக்கும் வெளிநாட்டு அமைப்பிலிருந்து ஆட்கள் பார்வையிட வந்தார்கள். அதில் ஓர் அம்மாள் திரையைக் காட்டி இது என்ன சொல் என்று கேட்க, மசேகோ கொஞ்சமும் கூசாமல், “அது எங்க மொழியில ‘வாங்க வாங்க’ன்னு அர்த்தம்மா” என்றார். அந்த அம்மாள் வெளியே வந்து, வரிசையில் நின்ற தாதிகள் ஒவ்வொருவருக்கும் முழங்காலை மடக்கி, “ம்குட்டே, ம்குட்டே” என்று வணக்கம் சொன்னார். ஒரு தாதி சிரிப்புத் தாங்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டாள். நானும் சிரித்தேன்.

அதன் பிறகு நடந்தது வொங்கானி பின்னால் சொல்லி நான் அறிந்தது. மசேகோ அவரைக் கூப்பிட்டு, “என் மானத்த வாங்கிட்டியேடா, அந்தக் களி எழவ இப்பவே எடு” என்றிருக்கிறார். “எடுத்தா எது பழசு எது புதுசுன்னு தெரியாது, ஐயா” என்றதற்கு, “தெரிஞ்சு இவளுங்க என்ன கிழிக்கப் போறாளுங்க?” என்றிருக்கிறார். அதோடு, பகலில் புதுப் பக்கம் எதையும் இழுக்காமல் இருப்பதையே கொடுக்கும்படி கணினியை மாற்றவும் உத்தரவிட்டிருக்கிறார். காரணம், அவர் அறையில் கால்பந்து ஆட்டம் தடங்கலில்லாமல் ஓட வேண்டும். வேலை போய்விடும் என்ற பயத்தில் வொங்கானி இதை எங்களிடம் சொல்லவில்லை.

அதன் பிறகு குழந்தைகளுக்கான காய்ச்சல் மருந்து ஒரு பெட்டி வந்தது. வழக்கம்போல், தடை செய்யப்பட்ட மருந்துகளின் பக்கத்தைத் திறந்து, பெட்டியின் எண்ணைத் தேடினேன். எண் இல்லை. அடியில் ம்குட்டேயும் இல்லை. ஆகவே கொடுத்தேன். அதன் பிறகு ஃபலேசி என்பவர், அந்த மருந்தைக் குடித்த தன் மூன்று வயது மகன் மாயமிகோவைத் தூக்கி வந்தார். முகம் வீங்கியிருந்தது, சிறுநீர் நின்றுபோயிருந்தது. பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினோம், அங்கே குழந்தை இறந்துவிட்டது. அங்கிருந்து மருத்துவர் கூப்பிட்டு, “அந்த நம்பரைத் தடை பண்ணி எவ்வளவு நாளாச்சு, நீங்க பாக்கறதே இல்லையா?” என்றார். மறுபடி திறந்தேன், அப்போதும் எண் இல்லை. வொங்கானியை இழுத்து வந்தேன். அவர் நடுக்கணினியைத் தவிர்த்து நேராகத் திறந்ததும் முதல் வரியிலேயே எண் இருந்தது. “ம்குட்டே எங்கப்பா?” என்று கேட்டேன். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னார். யார் யாருக்கு அந்த மருந்தைக் கொடுத்தேன் என்று பதிவேட்டைப் பார்த்து ஊர்வாரியாகக் குறித்துக்கொண்டேன்.

அதன் பிறகு மசேகோ அறைக்குப் போனேன். ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. பொரித்த மீனைத் தின்றபடி பார்த்துக்கொண்டிருந்தார், சத்தத்தைக்கூடக் குறைக்கவில்லை. வண்டியும் ஒலிபெருக்கியும் கொடுங்கள், புட்டிகளைத் திரும்ப வாங்க வேண்டும் என்று கேட்டேன். “ஊரக் கூட்டிக் கத்தினா பணம் குடுக்கறவங்க காதுக்குப் போகும். அப்புறம் உனக்குச் சம்பளம் உங்கப்பனா தருவான்?” என்றார். ஃபலேசிக்கு என்ன சொல்வது என்றதற்கு, “கடவுள் சித்தம்னு சொல்லு. ரொம்பக் கேட்டா மெஷின் தப்புன்னு சொல்லு, மெஷினை யாரும் ஜெயில்ல போட மாட்டாங்க” என்று சொல்லிவிட்டு விரலை நக்கினார். அந்த மனிதரைப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தது. இந்தச் சொல்லை மாற்றாமல் அப்படியே எழுதும்படி துணை ஆய்வாளரிடம் கேட்டுக்கொண்டேன்.

அதன் பிறகு ஆணியில் தொங்கிய சாவியை அவர் கண்முன்னாலேயே எடுத்தேன். வொங்கானி வண்டி ஓட்டினார். மலைப்பக்கத்து ஊர்களில் புட்டிகளை வாங்கிவிட்டோம். ஒரு வீட்டில், நிறைய நாள் வரட்டும் என்று தாய் அதில் தண்ணீர் கலந்து வைத்திருந்தாள். அந்த ஏழ்மைதான் அந்தப் பிள்ளையைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன். ஏரிக்கரைச் சாலையில் திரும்பும்போது காவலர்கள் எங்களை மறித்தார்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு துணை ஆய்வாளர், “முதல்ல கையெழுத்துப் போடுங்கம்மா, அப்புறம் ஆள் அனுப்பறேன்” என்றார். முதலில் ஆள் போகட்டும், அப்புறம் கையெழுத்து என்றேன். நிலையத்து வண்டியில் டீசல் இல்லை என்றார். நான் திருடியதாகச் சொல்லும் வண்டியில் இருக்கிறது என்றேன். அவர் வொங்கானியையும் ஒரு காவலரையும் அதே வண்டியில் அனுப்பினார்.

இதை எனக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருக்கும்போது காவலரிடமிருந்து தொலைபேசி வந்தது. மூன்று ஊர்ப் புட்டிகளும் கிடைத்துவிட்டன. அவற்றில் ஒன்றான நம்பேவேயில் ஒரு புட்டி காலியாக இருந்தது. அதைக் குடித்த பெண்குழந்தையையும் தாயையும் ஏற்றிக்கொண்டு, இங்கே வராமல், வண்டி நேராகப் பெரிய மருத்துவமனைக்குப் போகிறது. இந்தப் பயணமும் திருட்டுதான் என்றால், இதையும் என் பெயரிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

வாசித்துக் காட்டியதை முழுதும் கேட்டேன். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது, எல்லாம் நிஜம்.

(ஒப்பம்) எலெஸ்டினா கம்பாலே