குளவிக்கு மாட்டிய சிராப் போத்தல்

கம்போங் ராஜா பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரே எஸ்டேட் லைன் வீடுகளைச் சேர்ந்த இரண்டு பெண்கள். மூத்தவள் மடியில் கண் திறக்க முடியாமல் முகம் வீங்கிய மகள்.

"குளவிக்கு விருந்து வெச்சவ நீதான்," என்றாள் மூத்தவள்.

"இல்லக்கா. மருந்து அடிச்சா பிள்ளைங்களுக்கு ஆகாதுன்னுதான் போத்தல்ல இனிப்புச் சிராப் ஊத்தி மாட்டினேன். உள்ள போனா செத்துரும் லா."

"போற வழியில என் மகளைக் கொட்டிட்டுப் போகுதே. ஒன் வாசல்ல மாட்ட வேண்டியதுதானே?"

"வீட்டுக்குக் கிட்ட மாட்டக்கூடாதுக்கா. தூரமா மாட்டணும்."

"அதுக்கு என் துணிக்கொடிதான் கெடச்சுதா?"

"எங்க வீட்டுக்கு அதுதானே தூரம்."

"ஒனக்குத் தூரம். எனக்கு அது வாசல்டி."

கிளினிக் வந்ததும் பிள்ளையைத் தூக்க இளையவள் கை நீட்டினாள். மூத்தவள் அந்தக் கையைத் தட்டிவிட்டு, தானே தூக்கிக்கொண்டு இறங்கினாள்.