அக்டோபர் பதினாறின் சீட்டு

மேடையில் வீற்றிருக்கும் வானொலி நிலைய இயக்குநர் பாக் ஹெந்தார்தோ அவர்களே, கமெலான் இசைக்குழுக்களின் மூத்த கலைஞர்களே, மறைந்த நம் இபு லஸ்மினி அவர்களின் பிள்ளைகளே, மாலை ஆறு மணிக்குக் கைவேலையை நிறுத்திவிட்டு அவர் குரலுக்காகக் காத்திருந்த சோலோ நகரத்து நேயர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் இபு பார்த்தினி அவர்களே! உங்கள் பெயரைத் தனியாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அதைச் சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன்.

என் பெயர் வார்யோ. உங்களில் பலருக்கு என்னைத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. முப்பத்தெட்டு ஆண்டுகள் ‘இந்த நாளின் இசை’ நிகழ்ச்சியை வாசித்தவர் இபு லஸ்மினி. அவர் வாசித்த சீட்டுகளை எழுதியவன் நான். எந்தக் கலைஞர் எந்தத் தேதியில் பிறந்தார், எந்தப் பாட்டு எந்த நாளில் முதலில் பதிவானது என்று ஏடுகளைப் புரட்டி, மூன்று முறை சரிபார்த்து, மரப்பெட்டியில் தேதிவாரியாக அடுக்குவேன். பேசுவது அவர் பொறுப்பு. எனக்கு அதுவே வசதியாக இருந்தது.

அந்த நாட்களில் நிகழ்ச்சி காலை ஆறு மணிக்கு. ஒருநாள், சந்தைக் கச்சேரிகளில் பாடிவந்த மூதாட்டி ஞி துகினெம் நேராக நிலையத்துக்கே வந்துவிட்டார்.

“தினமும் யார் யாரோ பொறந்த நாளெல்லாம் சொல்றீங்க. நான் மட்டும் என்ன, மரத்துல காய்ச்சவளா?”

“தேதி சொல்லுங்க, எழுதிக்கிறேன்” என்றேன்.

“தேதியா? வியாழன் வாகே. கெலுட் மலை வெடிச்சு அஞ்சாவது மாசம். இன்னும் என்ன வேணும் உனக்கு?”

நம் பெரியவர்கள் எல்லோரையும் போலத்தான். வாரத்தின் கிழமையும், ஐந்து நாள் சந்தைச் சுற்றில் அந்த நாளின் பெயரும் தெரியும். ஆங்கிலத் தேதி தெரியாது. சான்று இல்லாமல் சேர்க்கக் கூடாது என்று நான் முனகினேன். இபு லஸ்மினி சிரித்தார்.

“பாக் வார்யோ, பீத்தோவன் பொறந்த தேதி யாருக்காச்சும் தெரியுமா? ஞானஸ்நானம் கொடுத்த தேதியை வெச்சுத்தானே வருஷா வருஷம் எழுதித் தர்றீங்க! அந்த ஜெர்மன்காரருக்கு ஒரு நியாயம், நம்ம துகினெமுக்கு ஒரு நியாயமா?”

பழைய பஞ்சாங்கங்களை வைத்து மூன்று நாள் கணக்கிட்டேன். 1919, அக்டோபர் பதினாறு. வியாழன், வாகே. சீட்டு எழுதினேன்.

அது 1993. அக்டோபர் வந்தபோது ஞி துகினெம் படுத்த படுக்கையாகிவிட்டார். இபு லஸ்மினி அவரைப் பார்க்கப் போனபோது நானும் கூடப் போனேன்.

“பதினாறாம் தேதி காலையில உங்க பேரு வருது. அது வரைக்கும் எங்கயும் கிளம்பக் கூடாது, சொல்லிட்டேன்.”

“என் பாட்டு போடுவியா?”

“முழுசாப் போடுவேன்.”

வானொலிப் பெட்டியைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துப் புது பேட்டரி போட்டுவிட்டுத் திரும்பினோம். பதினைந்தாம் தேதி மாலை அவர் போய்விட்டார். அது தெரியாமல் மறுநாள் காலை அவர் பெயரைச் சொன்னோம், பாட்டை முழுதாகப் போட்டோம்.

அடுத்த வாரம் அவர் மகள் நிலையத்துக்கு வந்தார். இபு பார்த்தினி, அன்று நீங்கள் சொன்னது ஒரு சொல் மாறாமல் எனக்கு நினைவிருக்கிறது.

“அம்மா பொறந்தது புதன்கிழமை, விளக்கு வெச்ச பிறகு. பொழுது சாஞ்சா நமக்கு மறுநாள் ஆச்சே, அதனாலதான் வியாழன் வாகே. அப்போ இங்கிலீஷ் தேதி பதினஞ்சுதானே? பதினஞ்சு காலையில சொல்லியிருந்தா கேட்டுட்டுப் போயிருப்பாங்களே!”

எந்த நேரத்தில் பிறந்தீர்கள் என்ற ஒரு கேள்வியை நான் கேட்கவில்லை. ஜாவாவில் பிறந்து வளர்ந்தவன், பொழுது சாய்ந்தால் நாள் மாறும் என்று அறிந்தவன், கேட்கவில்லை! சீட்டை எடுக்க மரப்பெட்டியைத் திறந்தேன். அதற்குள் இபு லஸ்மினி பேசிவிட்டார்.

“தப்பு என்னோடது பார்த்தினி. சீட்டு சரியாத்தான் இருந்துச்சு. நான்தான் ஒருநாள் தள்ளிப் படிச்சுட்டேன்.”

மறுநாள் ஒலிபரப்பிலும் அதையே சொன்னார். திட்டிக் கடிதங்கள் வந்தன. எல்லாவற்றுக்கும் தன் கையாலேயே பதில் எழுதினார். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

“உங்க பேரைச் சொல்லியிருந்தா பெட்டியை மூடிட்டு வீட்டுக்குப் போயிருப்பீங்க. அப்புறம் எனக்குச் சீட்டு யாரு எழுதுறது?”

போயிருப்பேன். என்னை அவருக்கு அவ்வளவு நன்றாகத் தெரியும்.

அந்த மாதமே நிகழ்ச்சியை மாலை ஆறு மணிக்கு மாற்றினார். பொழுது சாய்ந்ததும், மறுநாளுக்கு உரியவர்களின் பெயர்களை வாசித்தார். ஏன் மாற்றினீர்கள் என்று நேயர்கள் கேட்டால், “காலையில எனக்குத் தொண்டை கட்டுது” என்பார். தொண்டை ஒருநாளும் கட்டியதில்லை, ஐயா!

இபு பார்த்தினி, சீட்டுதான் தவறு. எழுதியவன் நான். இருபத்து மூன்று ஆண்டுகள் அவர் சுமந்தது என் பிழை. அவர் இருக்கும்போதே இதைச் சொல்லும் துணிவு எனக்கு இருந்திருக்க வேண்டும். மன்னித்துவிடுங்கள்.

ஒன்பது நாளாக ஆறு மணிக்கு வெறும் இசைத்தட்டு ஓடுகிறது. நேற்று இயக்குநர், இனி யார் வாசிப்பது என்று கேட்டார். நான் கையைத் தூக்கினேன்.

“நீங்களா பாக்? மைக்கைப் பார்த்தா உங்களுக்கு இருமல் மட்டும்தானே வரும்!” என்றார். உண்மைதான். இருமிவிட்டு வாசிக்கிறேன் என்றேன்.

இப்போது மணி ஐந்தே கால். ஆறு மணிக்கு வாசிக்க வேண்டிய சீட்டு என் சட்டைப் பையில் இருக்கிறது. பிறந்த நேரத்தையும் எழுதியிருக்கிறேன். என் குரல் நடுங்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். உடல் உள்ளவரை ஒரு மாலையும் தவறாமல் வாசிப்பேன் என்று இபு லஸ்மினியின் படத்தின் முன் உறுதி சொல்கிறேன்.

நாளாவது பெயராவது தவறிப்போனால் நிலையத்துக்குக் கடிதம் எழுதுங்கள், நேயர்களே. உறையின் மேல் என் பெயரைப் போடுங்கள். வார்யோ.