ஓடைப் படம்

"அந்தக் கடுதாசிய மென்னு முழுங்கிரு, புள்ள."

இலங்கையில் சண்டைக்காலம். ரத்தோட்டையிலிருந்து மாத்தளைக்குப் போன பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையிலிருந்த தேயிலைத் தோட்டத்து மனிதர் தம் மகளிடம் இப்படிச் சொன்னார். அவள் கையில் பென்சிலால் வரைந்த ஓடைப் படம் ஒன்று இருந்தது.

"காலேஜுல இன்னைக்குக் குடுக்கணும்பா. ஓடத் தண்ணியில நம்ம லயத்து வீடுகளுக்குக் கரண்ட் எடுக்கத்தானே இத வரஞ்சேன்."

"எனக்குத் தெரியும். செக்பொயின்ட்ல நிக்கிற ஆமிக்காரனுக்குத் தெரியுமா? பாலம், பெக்டரி எல்லாத்தையும் போட்டு, எத்தன அடின்னு வேற எழுதியிருக்க."

"அளவு இல்லாம டர்பைன் எப்படிப்பா சுத்தும்?"

"கங்காணி மகன்கிட்ட ரெண்டு துண்டு வயருதான் இருந்திச்சி. ஆமி புடிச்சிட்டுப் போனவன் இன்னும் வீடு வந்து சேரல."

பஸ் நின்றது. அவள் தாளைக் கிழித்துக் கிழித்து வாயில் திணித்துக்கொண்டாள்.

ஏறிய சிப்பாய், எங்கே போகிறாய் என்று அவளைச் சிங்களத்தில் கேட்டான். அவளால் வாயைத் திறக்க முடியவில்லை.

"பல்வலி, மாத்தயா. ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்று தகப்பனே சிங்களத்தில் சொன்னார்.

சிப்பாய் அவளுடைய உப்பிய கன்னத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இறங்கினான்.

பஸ் நகர்ந்த பிறகுதான் அவள் விழுங்கினாள். "எல்லா அளவும் போச்சி" என்று அழுதாள்.

"எங்க போச்சி? டேப்பப் புடிச்சிக்கிட்டு ஓடையில நின்னது நான்தானே. பாலத்துலருந்து அருவிக்கு நூத்தி நாப்பது அடி. அருவித் தண்ணியில வாளி நெறையறதுக்குள்ள பதினெட்டு வரைக்கும் எண்ணினேன். பெக்டரியிலருந்து..."

அவள் அவர் வாயைக் கையால் பொத்தினாள்.

"சத்தமாச் சொல்லாதீங்கப்பா. டவுனுக்குள்ள இன்னொரு செக்பொயின்ட் இருக்கு."