கூகுள் வேஷத்தில் வந்தவன்

அகிலா: செக்ரெட்டரி சார், அந்த மவுஸை கொஞ்சம் விடுங்க. நீங்க ரெஃப்ரெஷ் பண்ணப் பண்ண இன்னும் லேட்டாகுது.

தேவேந்திரன்: எப்படிமா விடறது? ஒன்பதரை ஆயிடுச்சு. பத்து மணிக்கு முகூர்த்த சேல். நம்ம பட்டு சொசைட்டி வெப்சைட் இன்னும் சுத்திக்கினே இருக்குது…

அகிலா: சுத்தட்டும். படுக்கலியே.

தேவேந்திரன்: வாயைக் கழுவுமா! தீபாவளி சேலுக்கு இப்படித்தான் சுத்திச்சு, அப்புறம் படுத்துச்சு. மாடியில தலைவர் அப்பாதுரை கமிட்டியைக் கூட்டிக்கினு உக்காந்திருக்கார். இன்னிக்கும் படுத்தா…

அகிலா: வெப்சைட் நடத்தற வேலை சென்னை கம்பெனிக்கு, நான் வீட்டுக்கு. தெரியும் சார். காலையிலேர்ந்து மூணு தடவை சொல்லிட்டீங்க.

தேவேந்திரன்: கோச்சுக்காதமா… இவ்ளோ பேர் வர்றாங்கன்னா நல்லதுதானே?

அகிலா: பேரா? இப்ப உள்ள இருக்கிற மனுஷங்க எண்ணூறு. மீதி பூரா மிஷின். கூகுள் மாதிரி தேடுற கம்பெனிங்க அனுப்பறது. பக்கம் பக்கமா திறந்து படிச்சிக்கினே போகும்.

தேவேந்திரன்: நம்மகிட்ட இருக்கறதே முந்நூறு புடவை. அதைப் படிக்க எவ்ளோ நேரம்?

அகிலா: புடவை முந்நூறுதான். ஆனா உடல் ஒரு கலர், பார்டர் ஒரு கலர், முந்தானை ஒரு கலர்னு பொறுக்கிப் பார்க்க பட்டன் வெச்சிருக்கோம். ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஒரு பக்கம். அறுபதாயிரத்துக்கு மேல வருது. நாம நெய்யாத புடவையை எல்லாம் பிரிச்சுப் பிரிச்சுப் பார்த்துக்கினு இருக்குதுங்க.

தேவேந்திரன்: எந்த மடையன் அந்த பட்டனை வைக்கச் சொன்னான்? ஏன்மா என்னையே பார்க்கிற?

அகிலா: சும்மாதான் சார்.

தேவேந்திரன்: சரி, சரி… நான்தான். எல்லா மிஷினுக்கும் கதவைச் சாத்து!

அகிலா: எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தச் சொல்றீங்க. தீபாவளிக்கு அப்படித்தான் சாத்தினோம். அப்புறம் ஒரு மாசம் கூகுள்ல நம்ம பேரைத் தேடினா வேற கடைங்கதான் வந்துச்சு.

தேவேந்திரன்: ஐயோ, அதை ஞாபகப்படுத்தாத.

அகிலா: அதான் முந்தாநாளே வாசல்ல நோட்டீஸ் ஒட்டற மாதிரி ஒண்ணு எழுதி வெச்சுட்டேன். புடவைப் பக்கத்துக்கு வரலாம், கலர் பக்கத்துக்கு வரக்கூடாதுன்னு. கூகுள் படிச்சிட்டு மரியாதையா ஒதுங்கிடுச்சு. மத்ததுங்க மதிக்கல. அதுங்களுக்கு இப்ப பத்து செகண்டுக்கு ஒரு பக்கம்தான்னு கட்டுப்பாடு… போட்டாச்சு. பாருங்க.

தேவேந்திரன்: அட! திரையில கூட்டத்தைக் காட்டற கோடு இறங்குதே!

அகிலா: பாதிதான் இறங்கியிருக்குது. மீதி பாதி ஒரே ஆள். பேர் கேட்டா கூகுள்ங்கறான்…

தேவேந்திரன்: கூகுள்தான் ஒதுங்கிடுச்சுன்னியே?

அகிலா: அதான் சார். பேருதான் கூகுள், வர்ற அட்ரஸ் கூகுளோடது இல்ல. வேஷம். போட்டோ, விலை, நெசவாளி பேர்னு எல்லாத்தையும் வாரிக்கினு போறான். தடுத்துடவா? சார், ஒன்பது ஐம்பது.

தேவேந்திரன்: இரு… அவனை மட்டும் விட்டுட முடியாதா?

அகிலா: விட்டா பத்து மணிக்குப் படுத்துடும். என்ன சார், இப்படி வேர்க்குது உங்களுக்கு?

தேவேந்திரன்: ஃபேன் ஓடலமா…

அகிலா: ஓடுது சார். நீங்க சொன்னாதான் கையை வைப்பேன்.

தேவேந்திரன்: தடு.

அகிலா: கேக்கல.

தேவேந்திரன்: தடுமா! அடிச்சு வெரட்டு அவனை!

அகிலா: …முடிஞ்சுது. வெளிய தள்ளியாச்சு.

தேவேந்திரன்: பத்து… பத்தாயிடுச்சு… திறக்குதா?

அகிலா: திறந்துடுச்சு! மூவாயிரம் பேர் உள்ள! இது அத்தனையும் மனுஷங்க!

தேவேந்திரன்: ஏகாம்பரநாதா! தொட்டா வருதே பக்கம்!

அகிலா: முதல் ஆர்டர்… எல்லம்மாள் அக்கா நெய்ஞ்ச மாம்பழக் கலர், அரக்கு பார்டர். கோயம்புத்தூருக்குப் போயிடுச்சு!

தேவேந்திரன்: அதுவா? ஆறு மாசமா பீரோல தூங்கிக்கினு இருந்துச்சே!

அகிலா: நூறு தாண்டிடுச்சு… நூத்தி நாப்பது… மேல கைதட்டுறாங்க, கேக்குதா?

தேவேந்திரன்: தலைவர் கைதட்டி நான் கேட்டதே இல்லமா! ஜெயிச்சுட்ட போ! எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு.

அகிலா: எனக்கும்தான். சார், உங்க போன் அடிக்குது.

தேவேந்திரன்: அடிக்கட்டும்.

அகிலா: மூணாவது தடவை. எடுங்களேன்.

தேவேந்திரன்: எடுக்க மாட்டேன்… அகிலா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த வேஷக்காரன்… அந்த சென்னை கம்பெனிக்காரன்தான். நீ எப்படியும் தோத்துடுவேன்னு நினைச்சுக்கினு, சைட்டை அப்படியே காப்பி எடுத்துக்கோன்னு போன வாரமே நான்தான் சொல்லிட்டேன். சேல் அன்னிக்கு, அதுவும் இப்படி வேஷம் கட்டிக்கினு வருவான்னு சத்தியமா தெரியாது.

அகிலா: தெரியும் சார். எட்டு மணிக்கே அந்த அட்ரஸ் யாரோடதுன்னு தேடிப் பார்த்துட்டேன். அப்பவே தடுத்திருப்பேன்… 'தடு'ன்னு உங்க வாயால வரணும்னுதான் இவ்ளோ நேரம் உசுரைக் கையில பிடிச்சிக்கினு உக்காந்திருந்தேன்.