நாலாவது வேது

கொஞ்சம் கிட்ட வந்து உக்காருங்க. சத்தமா சொல்ற கதை இல்ல இது.

நவம்பர் மாசம். சாயங்காலம் அஞ்சரை இருக்கும்... ஆனா கும்மிருட்டு. எர்க்லி ஊருக்குப் போற சரளைக்கல் ரோடு தெரியும்ல? ரெண்டு பக்கமும் காடு, நடுவுல ஒரு விளக்கு கிடையாது. அந்த ரோட்டுல, காருக்குப் பின்னாடி ஒரு இழுவை வண்டியை மாட்டிக்கிட்டு, ரைவிஸ் தனியா வந்துட்டிருந்தான். என்கூட மரமில்லுல வேலை பார்க்குறானே மோட்ரிஸ், அவன் தங்கச்சி இல்வாவோட புருஷன்தான் இந்த ரைவிஸ். கெட்டிக்காரன். ஆனா யார் சொன்னாலும் காதுல வாங்காத ஜென்மம்.

இல்வாவுக்கு அப்ப எட்டு மாசம். அதுக்கு முன்னாடி ஒண்ணு வயித்துல தங்காமப் போயிருந்துச்சு. அந்தப் பயத்துல இவன் அவளை வாசப்படி தாண்ட விடல. அவளுக்கு உள்ளேயே அடைஞ்சு கிடந்து கிறுக்குப் பிடிக்காத குறை. "கொல்லையிலயாவது ஒரு நெருப்புக்குழி கட்டிக் குடு ரைவிஸ். போர்வையப் போத்திக்கிட்டு அது முன்னாடி உக்காந்துக்கிறேன்"னு கேட்டா. நியாயமான ஆசைதானே?

குழி வெட்டியாச்சு. முழங்கால் ஆழம். அடியில சரளையும் கொட்டியாச்சு. சுத்தி அடுக்கத்தான் கல்லு இல்ல. ஆத்துக் கல்லை வெச்சா உள்ள ஈரம் நின்னு, சூடேறினதும் வெடிச்சுடும்... பக்கத்துல இருக்கிறவங்க கண்ணு போயிடும். மாசமா இருக்கிறவ உக்காரப் போற இடம். அதனால ஏற்கெனவே நெருப்பைப் பார்த்துப் பழகுன கல்லா தேடுனான். அப்படிக் கல்லு எங்க கிடைக்கும்? வேதுக் குடில்லதான், கல்லைச் சுட்டு ஆவி பிடிச்சுக் குளிக்கிற இடம்.

அந்த ரோட்டோரமா ஆளில்லாத ஒரு பண்ணை. அதோட குளியல் குடிலு, கூரை விழுந்து மழையில நனைஞ்சுக்கிட்டு நிக்குது. உள்ள கல்லடுப்பு மட்டும் அப்படியே இருக்கு. பல தலைமுறையா சுட்டுச் சுட்டு, தண்ணி ஊத்தி ஊத்தி ஆவி பிடிச்ச கல்லு. ரைவிஸ் டார்ச்சை வாயில கவ்விக்கிட்டு ஒவ்வொண்ணா தூக்கி வண்டியில போட்டான். டொக்... டொக்... மேல இருந்ததெல்லாம் ஐஸ் மாதிரி. அடியில போகப் போக... கையுறையையும் தாண்டி ஒரு சூடு.

வெதுவெதுன்னு இருந்துச்சாம்.

பகல்ல வெயில் பட்டிருக்கும்னு நெனச்சுக்கிட்டான். அந்த வாரம் முழுக்க சூரியன் தலையே காட்டல.

மறுநாளு கல்லை வட்டமா அடுக்கி நெருப்பு போட்டாங்க. மோட்ரிஸும் வந்திருந்தான். சாம்பல்ல உருளைக்கிழங்கு வேகுது, கம்பியில பன்னிக்கொழுப்பு சொட்டுது, கையில பீரு. இல்வா போர்வைக்குள்ள சுருண்டு உக்காந்து ரொம்ப நாளைக்கப்புறம் சிரிச்சா. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் ரைவிஸுக்கு மனசு நெறைஞ்சு போச்சு.

மோட்ரிஸ் குச்சியால கல்லைத் தட்டிப் பார்த்தான். "எங்கருந்து மாப்ள சுட்ட?"

"ரோட்டோரம் இருக்கே, அந்தப் பண்ணைக் குடிலு."

மோட்ரிஸ் குச்சியைக் கீழ போட்டுட்டான். "அடப்பாவி... அந்த வீட்டுப் பொம்பளைங்க எல்லாம் அங்கதாண்டா புள்ள பெத்தாங்க. செத்தவங்களைக் குளிப்பாட்டுனதும் அங்கதான்."

"ஏண்ணே, ரெண்டும் ஒரே பலகையிலயா? மாத்திக் கீத்திப் போட்டுட மாட்டாங்க?"ன்னு இல்வா கேட்டா.

"அதெல்லாம் கணக்கா இருப்பாங்க. தட்டிக் குளிப்பாட்டுற இலைக்கட்டே வேற வேற. வர்றவங்களுக்கு பிர்ச் மரத்து இலை. போறவங்களுக்கு ஊசியிலை."

மூணு பேரும் சிரிச்சாங்க. ஆனா மோட்ரிஸ் கிளம்பறப்போ ரைவிஸைத் தனியா இழுத்தான். "மண்ணைப் போட்டு மூடு. அந்தக் கல்லு மேல தண்ணி மட்டும் ஊத்தாத. சொல்றதக் கேளு மாப்ள."

"போ மச்சான், போய்ப் படு."

இல்வா படுக்கப் போனா. அதுக்கப்புறம் காத்து கிளம்புச்சு. தணல் பொறி பொறியா பறந்து விறகு அடுக்குப் பக்கம் போகுது. மண்ணு வெட்டலாம்னா மேல பனி இறுகிக் கிடக்கு, மம்பட்டி எறங்கல. பீப்பாயில மழைத்தண்ணி இருந்துச்சு. ரைவிஸ் ஒரு வாளி மொண்டு ஊத்துனான்.

உஸ்ஸ்ஸ்...

ஆவி மேல போகல. தரையோட தரையா... வீட்டுப் பக்கமா ஊர்ந்து போச்சு. தணல் அடங்கல. இன்னொரு வாளி. உஸ்ஸ்ஸ்... அப்பத்தான் அந்த வாசனை. பிர்ச் இலை. ஊற வெச்ச பச்சை இலை வாசனை. நவம்பர்ல ஏது பச்சை இலை? மூணாவது வாளியும் ஊத்துனான். நெருப்பு அணைஞ்சுது. காலி வாளியை வேலிக் கம்பு மேல கவுத்துட்டு, உள்ள வந்து தாப்பாள் போட்டான்.

மூணு வாளி. நம்ம வீடுகள்ல எப்படி? கல்லு மேல மூணு தடவை தண்ணி ஊத்தி எழுப்புற மூணு வேது நமக்கு. நாலாவது அவங்களுக்கு. தண்ணியும் ஒரு இலைக்கட்டும் உள்ள வெச்சு, கதவைச் சாத்திட்டு, திரும்பிப் பாக்காம வந்துடுவோம். அவங்கன்னா யாருன்னு நம்மள்ல எவனும் கேட்டதில்ல. ரைவிஸும் சின்ன வயசுலருந்து அப்படி வந்தவன்தான். ஆனா அது குளியல்ல... இது கொல்லையில. அவனுக்குத் தோணவே இல்ல.

சமையக்கட்டுல நின்னு கை கழுவுறான். குழாயை மூடுறான்.

கொல்லையில... உஸ்ஸ்ஸ்ஸ்ஸ்.

நாலாவது.

ஜன்னல்கிட்ட போனான். ஜன்னல் கண்ணாடி பூரா உள்பக்கம் வேர்த்திருந்துச்சு. துடைச்சுப் பார்த்தா, வெளிய வெள்ளையா ஆவி, வேற ஒண்ணும் தெரியல. சத்தம் மட்டும். சப்... சப்... ஈர இலைக்கட்டால வெறும் முதுகுல தட்டுற சத்தம். நடுவுல பொம்பளைங்க குரல், ரொம்ப மெதுவா, பிரசவம் பாக்குறவங்க சொல்ற மாதிரி... "இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்..."

"இல்வா..."ன்னு ரூமுக்கு ஓடுனான்.

கட்டில்ல போர்வை மட்டும் கிடந்துச்சு. கொல்லைக் கதவு தெறந்திருந்துச்சு... அவன் தாப்பாள் போட்ட கதவு.

வெளிய ஓடிப் பார்த்தா, குழி ஓரத்துல இல்வா வெறும் இரவு உடுப்போட உக்காந்திருந்தா. தலைமுடி சொட்டச் சொட்ட நனைஞ்சிருந்துச்சு. புல்லெல்லாம் வெள்ளையா உறைபனி, குழியைச் சுத்தி மட்டும் உருகி, சேறா... அதுல வெறுங்கால் தடம். நெறையப் பேரோடது. வாளி அவ பக்கத்துல நிமிர்ந்து நின்னுச்சு. ரைவிஸ் அவ தோளைத் தொட்டான். கொதிக்குது.

"இடுப்பு வலியே போயிடுச்சு ரைவிஸ்"னு சொன்னா. "எவ்ளோ பதமா பாத்துக்கிட்டாங்க தெரியுமா?"

அதைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள பனிக்குடம் உடைஞ்சுது.

கார்ல எப்படித் தூக்கிப் போட்டான், எப்படி ஓட்டுனான், அவனுக்கே தெரியாது. ஆஸ்பத்திரிக்குள்ள போன கொஞ்ச நேரத்துல பொம்பளப் புள்ள. நல்ல அழுகை. ரைவிஸ் நடைவழியில நின்னு தேம்பித் தேம்பி அழுதான்.

நர்ஸு குழந்தையை ஏந்திக்கிட்டு வந்தா, மூஞ்சியில ஒரு குழப்பம். "நாங்க இன்னும் துடைக்கவே இல்ல... இவ்ளோ சுத்தமா ஒரு குழந்தை பொறந்து நான் பாத்ததில்ல. இது எங்கருந்து ஒட்டுச்சுன்னும் தெரியல." குழந்தையோட முதுகுல இருந்து எதையோ பிச்சு அவன் கையில வெச்சா. ஈரமா... பச்சையா... ஒரு பிர்ச் இலை.

பிர்ச். வர்றவங்களுக்கு. ரைவிஸுக்கு அப்பத்தான் மூச்சே வந்துச்சு. பயந்து செத்தோமே, நல்லதுதானே செஞ்சிருக்காங்கன்னு, அந்த இலையைக் கையில மூடிக்கிட்டே உள்ள போனான்.

இல்வா சிரிச்ச முகமா படுத்திருந்தா. முடி இன்னும் காயல. ஈரத்தோட கிடக்காளேன்னு ஒரு துண்டை எடுத்து, பின்னங்கழுத்துல இருந்து முடியை மெதுவா விலக்கித் துவட்டுனான். தலகாணியில என்னமோ உதிர்ந்துச்சு. சன்னமா... கரும்பச்சையா... ஊசி ஊசியா.

அவன் ஒண்ணொண்ணா பொறுக்க ஆரம்பிச்சான்.

இல்வா அவன் கையைப் பிடிச்சா. இப்ப அந்தக் கை சில்லுன்னு இருந்துச்சு.

"எடுக்காத ரைவிஸ்"னா. "அவங்க வெச்சது."