குப்பை போடக்கூடாதாம்

மலைக்காட்டுக்குப் போகிறவர்கள் காலில் சவர்க்காரத்தைப் பூசிக்கொண்டால் அட்டை ஏறாது. புறப்படுவதற்கு முன்பே இதை எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தேன். நீளமான சொக்ஸ், கம்பளித் தொப்பி, வளைவுப் பாதையில் தலைசுற்றிச் சத்தி வராமல் இருக்க மணந்துபார்க்கத் தேசிக்காய், எல்லாம் எழுதினேன். சொல்லவேண்டியதைச் சொல்லாமல் விடுகிற ஆள் நான் இல்லை, சேர். என் பெயர் ஜெயசுதன், சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளன். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கடை. பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி என்று எத்தனையோ பேரின் காரியம் என் முத்திரையை நம்பித்தான் நடக்கிறது.

கொஞ்சம் எழும்பி நிற்கலாமா? ஒரே இடத்தில் இருந்தால் கால் பதறுகிறது. இப்போது சில காலமாக இப்படித்தான்.

நாங்கள் கொழும்புத்துறை. அப்பா கடலுக்குப் போனவர். அக்கா லவீனாவைக் கட்டிய றொகான் அத்தானும் கடல்தொழில்தான். நான் மட்டும் வள்ளத்தில் ஏறினாலே சத்தி எடுப்பேன், நீந்தவும் தெரியாது. அதனால் சின்ன வயதிலேயே கொழும்பில் ஓர் இரும்புக்கடையில் வேலைக்கு விட்டார்கள். சிங்களம் படித்தது அங்கேதான்.

அத்தான் கெட்ட மனிதர் இல்லை. வாய்தான். கோயில் திருநாளோ பிறந்தநாளோ, நாலு பேர் கூடினால் என்னைத்தான் பிடிப்பார். "எங்கடை மச்சானைக் கிணத்தடிக்குத் தனிய விடாதேங்கோ, வாளித் தண்ணியிலையும் மூச்சுமுட்டித் தாண்டு போவான்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அக்காவும் சிரிப்பாள். அவள் மகள் ஜெசிதா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

மலைநாட்டுப் பயணம் ஜெசிதாவின் ஆசை. காட்டுக்குள் கபானா என்கிற மரக்குடிலில் தங்கவேண்டும், வெளியே நெருப்பு மூட்டிக் கோழி சுடவேண்டும் என்று யூரியூப்பைப் பார்த்துவிட்டு ஒற்றைக்காலில் நின்றாள். ஏற்பாடெல்லாம் என் தலையில் வந்தது. சிங்களத்தில் கதைக்க எங்கள் வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?

மாத்தளைக்கு மேலே இரண்டு இடம் பார்த்தேன். ஒன்றில் முழங்கால் அளவு ஓடை. படத்தில் ஜெசிதாவுக்குப் பிடித்தது அதுதான். மற்றதில், கபானாவிலிருந்து கொஞ்சத் தூரம் இறங்கினால் பாறைகளுக்கு நடுவே ஆழமாகத் தண்ணீர் தேங்கி நிற்கும். அங்கே இருக்கும் காவல்காரர் தொலைபேசியில் முதலிலேயே கேட்டார், நீந்துகிற ஆட்கள் வருகிறார்களா என்று. அடியில் சுழி இருக்கிறதாம். சித்திரை விடுமுறைக்கு வந்த இரண்டு பெடியன்கள் அதில் அகப்பட்டுச் செத்துப்போனார்களாம். தயவுசெய்து ஆட்களை இறங்க விடவேண்டாம் என்றார். நல்ல மனிதர். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

அன்று கடையில் என்னால் இருக்க முடியவில்லை. ஷட்டரை இழுத்துவிட்டுப் பஸ் நிலையத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். பின்னேரம் அந்தக் காவல்காரருக்கு மறுபடி அழைப்பு எடுத்து, உங்கள் இடமே வேண்டும், ஆட்களுக்கு நான் சொல்லிவிடுகிறேன் என்றேன். வீட்டில், ஓடை இருக்கும் இடத்தில் முன்பதிவு நிறைந்துவிட்டது என்றேன். அது ஒரு சின்ன விஷயம். எப்படியாவது பயணம் நடக்கவேண்டும் அல்லவா.

போகிற வழி முழுக்க நான்தான் ராசா. வவுனியாவைத் தாண்டிச் சிங்கள ஊர்கள் வந்ததும் மற்றவர்களுக்கு வாய் கட்டிப்போனது. வழி கேட்க நான், கடையில் சாப்பாடு சொல்ல நான். "தம்பி, பிள்ளைக்குச் சுடுதண்ணி கேளன்" என்பாள் அக்கா. அத்தான்கூட, "மச்சான், எனக்கொரு பிளேன்ரீ சொல்லு" என்று என் முகத்தைப் பார்த்தார். அப்படியொரு நாள் எனக்கு வாய்த்ததே இல்லை, சேர். உண்மையாகவே சந்தோஷமாக இருந்தேன். அப்படியே திரும்பிவிட்டால் போதும் என்றுகூட நினைத்தேன்.

மறுநாள் காலை எல்லோரும் தண்ணீர்ப் பக்கம் இறங்கினோம். அத்தான் சேர்ட்டைக் கழற்றினார். ஜெசிதா கைதட்டினாள். மறுபடி எல்லாருடைய கண்ணும் அவர்மேல் போய்விட்டது. பாறையோரம் ஊர்க்காரர்கள் நட்ட ஒரு தகரப் பலகை, சிங்களத்தில் மட்டும் எழுதியது. அதில் கையை ஊன்றிக்கொண்டு, "மச்சான், ஒரு படம் எடு" என்றார். எடுத்தேன்.

"உதிலை என்ன எழுதிக் கிடக்கு?" என்று கேட்டார்.

ஆபத்து, அடியில் சுழி, இறங்கவேண்டாம், இங்கே பல உயிர்கள் போயிருக்கின்றன. இதுதான் எழுதியிருந்தது.

"குப்பை போடக்கூடாதாம்" என்றேன்.

"அவ்வளவுதானே. நீ கரையிலை நிண்டு என்ரை உடுப்பைப் பார், மச்சான்."

ஜெசிதா சிரித்தாள். அவர் குதித்தார்.

கடல்தண்ணீர் ஆளைத் தாங்கும். மலைத் தண்ணீர் தாங்காது, குளிர் வேறு. கடலில் வளர்ந்த ஆளுக்கு அது தெரியாது. ஒரு தடவை மேலே வந்தார், வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார். அக்கா கத்திக் குழறினாள். உடுப்பு என் கையில்தான் இருந்தது. பிறகு அவர் வரவில்லை. ஜெசிதாவை நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன், இல்லாவிட்டால் அவளும் குதித்திருப்பாள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். என்னை யாரும் குறை சொல்லவில்லை. எனக்கு நீந்தத் தெரியாது என்பதை அத்தானே ஊருக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தாரே.

அங்கே பொலிஸில் தமிழ் தெரிந்தவர் அன்று இல்லை. அக்காவின் வாக்குமூலத்தை நான்தான் மொழிபெயர்த்தேன். "தம்பிதான் வாசிச்சவன். குப்பை போடக்கூடாதெண்டு சொன்னவன். அதாலைதான் அவர் இறங்கினவர்" என்று அழுதழுது சொன்னாள். தம்பி வாசித்து எச்சரித்தான், அவர்தான் கேட்கவில்லை என்று சிங்களத்தில் சொன்னேன். எழுதினார்கள். அக்கா கையெழுத்து வைத்தாள்.

அதோடு முடிந்தது என்றுதான் இருந்தேன். ஆனால் அக்கா, அவரின் கடைசிப் படம் என்று, நான் எடுத்த படத்தைப் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டிவிட்டாள். கலியாணப் படத்தைப் போடச் சொல்லிப் பார்த்தேன். "இதிலைதான் வடிவாச் சிரிக்கிறார்" என்றாள். அவரின் கைக்குக் கீழே பலகை தெளிவாகத் தெரிகிறது. அந்த வீட்டுக்குப் போனால் படத்துக்கு முதுகைக் காட்டித்தான் இருப்பேன். இருந்தாலும் இருப்புக் கொள்ளாது. போகாமலும் முடியவில்லை. இப்போது எதற்கெடுத்தாலும் அக்கா என்னைத்தான் கேட்கிறாள். ஜெசிதாவுக்குச் சிங்களப் பாடமும் நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

இன்று பின்னேரம் போனபோது ஜெசிதா படத்துக்கு முன்னால் கதிரை போட்டு ஏறி நின்றாள். விரலை வைத்து எழுத்தெழுத்தாக வாசித்துக்கொண்டிருந்தாள்.

"இதிலை குப்பை எண்ட சொல்லே இல்லையே, மாமா. முதல் சொல்லுக்கு ஆபத்து எண்டெல்லோ பள்ளிக்கூடத்து ரீச்சர் சொல்லித் தந்தவ?"

சந்தேகம் கேட்பதுபோலத்தான் கேட்டாள். "கடைக்குப் போட்டு வாறன், பிள்ளை" என்று சொல்லிவிட்டு நேரே இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு வந்தேன்.

சுழி இருப்பது எனக்குத் தெரியும். அவர் குதிப்பார் என்பதும் தெரியும். குதிக்கட்டும் என்றுதான் அந்த இடத்தை எடுத்தேன். நான்தான் அவரைக் கொன்றேன்.

இதை மாத்தளைக்கு அனுப்பச் சிங்களத்திலும் வேண்டுமே. நானே செய்து தருகிறேன், சேர். வேறு யாரிடமும் கொடுக்காதீர்கள், கருத்தை மாற்றிப்போடுவார்கள்.