வெர்பாவின் உடலுக்கு ஈடாக என் கைதி

தந்தை மெலேத்தி அவர்களே, படை எழுத்தர் நெஸ்தோர் அவர்களே, நீள்குடில்களின் மூத்தவர்களே, கரையில் இடம் போதாமல் படகுகளின் மேல் ஏறி நிற்கும் தோழர்களே, வணக்கம்.

நம் படைத்தலைவர், அத்தமான் ஹோர்தி வெர்பா இறந்துவிட்டார் என்பது இன்று காலை உறுதியாகிவிட்டது. சொன்னவர் உப்பு வியாபாரி ஸ்தமாதி. ஓசிக் கோட்டை வாசலில் துருக்கியர் வைத்திருந்த தலையைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்த்ததாகத் தந்தை மெலேத்தியின் சிலுவையை முத்தமிட்டுச் சொன்னார். அவர் சொன்ன நெற்றித் தழும்பு, மீசை, முன்பல்லின் இடைவெளி எல்லாம் சரியாக இருக்கிறது. தாத்தாரியரிடம் சிக்கினார், டான் நதிப் பக்கம் போய்விட்டார், நாணலுக்குள் ஒளிந்திருக்கிறார் என்று நேற்றுவரை இந்தத் தீவில் உலவிய பேச்சுகளுக்கு ஆதாரம் எதுவும் இல்லை. அவற்றை இத்துடன் விட்டுவிடுங்கள்.

ஸ்தமாதி இன்னொரு செய்தியும் கொண்டுவந்திருக்கிறார். தலையை உப்பிலிட்டு இஸ்தான்புல்லுக்கு அனுப்பிவிட்டார்கள். உடல் மட்டும் கோட்டையின் பனிக்கட்டி நிலவறையில் கிடக்கிறது. அதைத் தரக் கோட்டைத் தலைவன் சம்மதிக்கிறான். ஈடாகக் கேட்பது தளபதி இஸ்கெந்தரை.

இஸ்கெந்தர் என் கைதி. பிடித்தவனுக்கே கைதி என்பது நம் சட்டம். இந்த விஷயத்தில் சபை என்னைக் கேட்கலாம், கட்டளையிட முடியாது. காலையில் கேட்டது. இரங்கல் உரையின் முடிவில் பதில் சொல்கிறேன் என்றேன். அதனால்தான் அழுகிறவர்கள்கூட என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அத்தமான் வெர்பா அவர்கள் மாபெரும் வீரர். இதை நான் சொல்லியா உங்களுக்குத் தெரிய வேண்டும்? கடலில் நாணல் கட்டிய படகுகளைக் கொண்டு பெரிய கப்பல்களை மறித்தவர் யார்? துடுப்போடு சங்கிலியில் கிடந்தவர்களை வீட்டுக்கு அழைத்து வந்தவர் யார்? பஞ்ச காலத்தில் தன் பங்கு தினையையும் பொதுக் கொப்பரையில் கொட்டியவர் யார்? மூன்றுக்கும் ஒரே பெயர்தான். அந்தப் பெயரைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்திருக்கிறது. இனி அவரை ‘அவன்’ என்றே சொல்கிறேன். ஒரே குடிலில் ஒரே வைக்கோலில் படுத்தவனை ‘அவர்’ என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

நாங்கள் இருவரும் ஒரே வசந்தத்தில் இந்தத் தீவுக்கு வந்தோம். வந்த வாரமே அவன் படகிலிருந்து வழுக்கி ஆற்றில் விழுந்தான். கரையோர மரத்தின் கிளையைப் பிடித்துக்கொண்டு, அது முறிந்து கையோடு வர, இலையும் தழையுமாய்ச் சிரித்துக்கொண்டே எழுந்தான். சமையல்காரர் பனாஸ் பார்த்துவிட்டு, “அடேய், மரம் ஒண்ணு ஆத்துல முளைச்சு வருது பாருங்கடா” என்றார். அந்த மரத்தின் பெயரே அவன் பெயரானது. வெர்பா. விழுந்தவனுக்கும் எவ்வளவு அழகான பெயர்.

அதே வாரம் நான் கூழ்க் கொப்பரைக்குள் கால் தவறி விழுந்தேன். நல்லவேளை, அடுப்பிலிருந்து இறக்கி ஆறவைத்திருந்தார்கள். அதே பனாஸ் என்ன சொன்னார்? “காலை எடுக்காதடா, உப்பு பத்தல. இன்னும் கொஞ்ச நேரம் ஊறட்டும்.” அன்றிலிருந்து நான் கூழ் ப்ரோகிப். கிரைமியாவில் என் தலைக்கு விலை வைத்தபோதும் கூழ் ப்ரோகிப் என்றே பறையறைந்தார்கள்.

சாவ்கா அந்தப் படகின் மேல் நின்றுகொண்டு, “யோவ் கூழு, அவரப் பத்திப் பேசுய்யா, உன்னப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்” என்கிறான். சாவ்கா, எப்போது என்னைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலும் நீங்கள் எல்லாரும் இதையேதான் சொல்லியிருக்கிறீர்கள். இன்று ஒரு நாள் பொறுத்துக்கொள்.

தலைமைக் கோல் அவனுக்குப் போன நாளைச் சொல்லாமல் அவன் வாழ்க்கையைச் சொல்ல முடியாது. நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். கோலை நீட்டினால் இருமுறை வேண்டாம் என்று சொல்ல வேண்டும், மூன்றாம் முறை வாங்கிக்கொள்ள வேண்டும். முதல் முறையே கையை நீட்டுகிறவனை ஆற்றில் தள்ளுவோம். அன்று சபை கூவிய பெயர் ப்ரோகிப். மறந்திருப்பீர்கள், அதனால் சொல்கிறேன். நான் தொப்பியைக் கழற்றி, எனக்குத் தகுதி இல்லை என்றேன். மறுபடி நீட்டினார்கள். என்னைவிட நல்லவர்கள் இருக்கிறார்கள் என்றேன். அந்த வாக்கியங்களை நான் வெகுநாள் யோசித்து வைத்திருந்தேன்.

அந்த நேரம் பார்த்துத் துறையில் கூச்சல். வெர்பாவின் படகுகள் வந்துவிட்டன. கஃபா அடிமைச் சந்தைக்குப் போகவிருந்த பெண்களையும் ஆண்களையும் மீட்டுக்கொண்டு வந்திருந்தான். மொத்தச் சபையும் துறைக்கு ஓடியது. கோலை வைத்திருந்த கிழவர் ஓவ்ராமும் ஓடினார். கோலோடு ஓடினார். நான் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றேன்.

துறையில் யாரோ, “ப்ரோகிப் வேணாம்கிறானேப்பா, என்ன பண்றது?” என்று கேட்டார்கள்.

“வேணாம்னா விடுங்கய்யா. இந்தா, வெர்பாகிட்ட குடுங்க.”

அவன் இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒரு கிழவியைத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தான். “எனக்கு எதுக்குய்யா அது? மொதல்ல இவங்களுக்குச் சோறு போடுங்க” என்றான். அதை ஒரு மறுப்பாகக் கணக்கில் எடுத்தார்கள். திரும்பவும் நீட்டினார்கள். “கையெல்லாம் சேறு, கோல் வீணாப் போயிடும்” என்றான். அது இரண்டாவது. மூன்றாம் முறை அவன் வாய் திறப்பதற்குள் கையில் திணித்துவிட்டார்கள்.

சொல்லுங்கள், யோசித்து மறுத்தவன் நான். அவன் மறுத்தானா?

பிறகு மூத்தவர்கள் புதிய தலைவனின் தலையில் சேறு பூச வேண்டும். நானும் பூசினேன். வழக்கத்துக்குத் தேவையானதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே பூசினேன். காது வழியாக வடிய வடிய அவன் என்னைப் பார்த்து, “ப்ரோகிப்பு, நம்ம ஆத்துல இவ்வளவு சேறு இருக்கறதே இன்னிக்குத்தாண்டா தெரியுது” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். அவனோடு கோபமாக இருப்பது எவ்வளவு கடினமான வேலை என்று உங்களுக்குத் தெரியாது.

எல்லாம் அவனுக்குப் போனது. ஒன்றே ஒன்று எனக்கு மிஞ்சியது, அது இஸ்கெந்தர். நாணல் காட்டில், தன்னந்தனியாக, உதவிக்கு ஆளில்லாமல் நான் வென்ற மனிதர். வெர்பா தன் வாழ்நாளில் அவ்வளவு பெரிய தளபதியைப் பிடித்ததில்லை. நான் கைதியோடு வந்து இறங்கியபோது நீங்கள் எல்லாரும் அவனைச் சுற்றி உட்கார்ந்து ஏதோ கடற்போர்க் கதை கேட்டுக்கொண்டிருந்தீர்கள். ஒருவரும் திரும்பவில்லை. அவன்தான் கதையைப் பாதியில் நிறுத்தி, “டேய், எழுந்திருங்கடா. அங்க வர்றவனப் பாருங்க. இது என்னால ஆகாது” என்றான். என்னை அதையும் அனுபவிக்க விட்டானா? என் பெருமையைக்கூட அவன் வாயால்தான் நீங்கள் கேட்டீர்கள்.

அதற்குப் பிறகு மாலைகளில் என் குடிலுக்கு வந்து கைதியோடு சதுரங்கம் ஆடுவான். அவன் வராத நாளில் இஸ்கெந்தர், “உங்க வெர்பா இன்னிக்கு வரலையா?” என்று என்னிடம் கேட்பார். இன்று காலை ஸ்தமாதி சொன்னதை நான் அவரிடம் போய்ச் சொன்னேன். அவர் திரும்பி உட்கார்ந்துகொண்டார். தோள் குலுங்கியது. என் கைதி, தோழர்களே. நான் பிடித்த கைதி.

அந்தக் கடைசிக் காலையைப் பார்த்தவர்களில் நான் ஒருவன் என்பதால் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். கழிமுகத்தில் துருக்கிக் கப்பல்கள் பின்னால் வந்தன. யாராவது ஒருவர் படகைத் திருப்பி ஆற்றின் வாயை அடைத்தால்தான் மற்றவர்கள் தப்ப முடியும். என் படகு அவன் படகுக்குப் பக்கத்தில் இருந்தது.

“ப்ரோகிப்பு, நீ போ. நான் பாத்துக்கறேன்.”

“நீ போடா. இந்தத் தடவ நான் நிக்கிறேன்.”

“உன் படகு நிறைய அடிபட்டவங்க இருக்காங்கடா. அவங்களையும் சேத்துக் கொல்லப் போறியா?”

“எல்லாத்தையும் நீயேதான் செய்யணுமா?”

“அத நாளைக்குப் பேசிக்கலாம், போ” என்றான். படகைத் திருப்பினான்.

அவன் சொன்னது சரி. என் படகில் அடிபட்டவர்கள் இருந்தார்கள். அவர்களில் சிலர் இப்போது இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். நான் துடுப்புப் போட்டேன். எனக்குச் சேர வேண்டிய சாவு என்று நான் நினைத்திருந்ததையும் அவனே எடுத்துக்கொண்டான். அதற்கு மேல் அவனிடம் என்ன கேட்க முடியும்?

இப்போது பதில்.

செத்தவனுக்காக உயிரோடு இருக்கும் தளபதியைக் கொடுப்பதா, நம் ஆட்கள் யாரையாவது மீட்கலாமே என்று மூத்தவர்கள் சிலர் கேட்டார்கள். நல்ல கேள்வி. ஸ்தமாதியிடம் விசாரித்தேன். ஓசியில் நம்மவர் ஒருவரும் உயிரோடு இல்லை. அவர்கள் தர முன்வருவது இந்த உடல் ஒன்றுதான்.

நான் இஸ்கெந்தரைக் கொடுக்கிறேன்.

கை தட்டாதீர்கள், காரணத்தையும் கேளுங்கள். நேற்று படகுத்துறையில் கோப்சா வாசிப்பவர் ஒருவர் பாடியதைக் கேட்டேன். வெர்பா சாகவில்லையாம், கடலடியில் தூங்குகிறானாம், பனி உருகும்போது வருவானாம். கல்லறை இல்லாதவனுக்கு இப்படித்தான் நடக்கும். உயிரோடு இருந்தவனோடு போட்டி போட்டேன், தோற்றேன். செத்தவனோடும் போட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு வசந்தத்திலும் வரப்போகிறவனோடு யாரால் போட்டி போட முடியும்? அவனுக்கு ஒரு குழி வேண்டும், அதன் மேல் மண் வேண்டும், சிலுவை வேண்டும். போய்ப் பார்த்தால் அவன் அங்கே இருக்க வேண்டும்.

ஒரு சிக்கல் இருக்கிறது. அவன் படகில் இருந்தவர்களின் உடல்களும் ஓசியில்தான் கிடந்தன. எதையாவது கொடுத்து ஏமாற்றலாம். தலையில்லாத உடலை இவன்தான் என்று எப்படிச் சொல்வது? அவன் குடிலைச் சேர்ந்தவர்களைச் சபை விசாரித்தது. தழும்பு என்றார்கள், மீசை என்றார்கள், சிரிப்பு என்றார்கள். எல்லாம் இஸ்தான்புல் போய்விட்டது. நீங்கள் எல்லாரும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

எனக்குத் தெரியும். படகு சுமந்து சுமந்து அவன் இடது தோள் எலும்பில் ஒரு மேடு உண்டு. வலது கால் சுண்டுவிரல் பக்கத்து விரலின் மேல் ஏறியிருக்கும். முழங்காலுக்குக் கீழே கொக்கி கிழித்த இடத்தில் முடி முளைக்காது. ஒவ்வொரு சனிக்கிழமையும் குளியல் கொட்டகையில் அவனுக்கு என்ன இருக்கிறது, எனக்கு என்ன இல்லை என்று நான் பார்க்காத நாளில்லை. அவனை என்னைப்போல் யாரும் பார்த்ததில்லை. ஆகவே நானே போகிறேன்.

அவன் விட்ட இடத்திலிருந்து படையைக் கொண்டுபோவோம் என்று உங்கள் எல்லார் சார்பிலும் உறுதி சொல்கிறேன். ஆனால் கோல் யாருக்கு என்பது முடிவாகவில்லை. அடக்கம் முடிந்த பிறகே சபை கூடும், அதுவரை கோல் ஆலயத்து மேசையில் கிடக்கும். காற்று திரும்பினால் நாளை விடியலில் படகு கிளம்பும். மாற்றிக்கொள்ளும் இடம் ஓசிக்கு எதிரே உள்ள மணல் திட்டு. அது அவன் இல்லையென்றால் இஸ்கெந்தரோடு திரும்பி வருவேன். எதுவானாலும் தேவமாதாவின் போக்ரோவா திருநாளுக்கு முன் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

மேட்டில் குழி இன்னும் தொடங்கவில்லை. வியாழக்கிழமைக்குள் முடியும் என்று வெட்டப்போகிறவர்கள் சொல்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அவன் குழியைக் கொஞ்சம் மேற்கே தள்ளி வெட்டுங்கள். கிழக்குப் பக்கம் எனக்கு இருக்கட்டும். அங்கேயாவது வெயில் முதலில் என்மேல் விழட்டும்.